காட்டு விலங்குகளில் பிளேக்

காட்டுப் பிளேக் என்பது காட்டில் வாழும் கொறிணிகளிடையே தெள்ளுப்பூச்சிகள் வழியாக இயற்கையாகவே சுற்றிவரும் பிளேக் நோயைக் குறிக்கும். யெர்சினியா பெஸ்டிஸ் என்னும் பாக்டீரியாவே இதற்கும் மனிதருக்கு வரும் பிளேக்கிற்கும் காரணமாகும். வரலாற்று நூல்களில் பிளேக் நகரங்களின் நோயாகவும் வீட்டெலிகளின் நோயாகவுமே பெரும்பாலும் காட்டப்படுகிறது. உண்மையில் இந்நோயின் நிலையான இருப்பிடம் புல்வெளிகளிலும் பாலைநிலங்களிலும் மலைச்சரிவுகளிலும் உள்ள எலி வளைகளே ஆகும். மனிதரும் வீட்டெலிகளும் இந்தச் சுழற்சியில் இடையிடையே வந்து சிக்கிக்கொள்பவர்கள் மட்டுமே. மனிதர் எவரும் இல்லாமலேயே இந்நோய் நூற்றாண்டுக் கணக்கில் நீடிக்க வல்லது.

ஆசியா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களில் காட்டுப் பிளேக் நிலைபெற்றுள்ளது. ஐரோப்பாவின் தென்கிழக்கு விளிம்பில் காசுப்பியன் கடலை ஒட்டிய புல்வெளிகளிலும் இது உண்டு. ஆஸ்திரேலியாவிற்கு 1900இல் கப்பல் வழியே பிளேக் வந்து சேர்ந்த போதிலும் அங்குள்ள காட்டு விலங்குகளிடையே அது நிலைகொள்ளவில்லை. 200க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களில் இந்நோய்த்தொற்று கண்டறியப்பட்டுள்ளது.

பெயர்

வீட்டெலிகளைச் சார்ந்த நகரப் பிளேக்கிலிருந்து இதனை வேறுபடுத்துவதற்காகப் போர்த்துகல் நாட்டு மருத்துவர் ரிக்கார்டோ ஜோர்ஜ் 1920களில் "காடு சார்ந்த பிளேக்" என்னும் பொருள்படும் சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தார். பெயரில் காடு இருந்தாலும் இந்நோய் காணப்படும் இடங்களில் பெரும்பாலானவை மரங்கள் அடர்ந்த காடுகள் அல்ல. வறண்ட புல்வெளிகளும் புதர் நிலங்களுமே ஆகும். தமிழில் பிளேக்கைக் "கொள்ளைநோய்" என்று அழைப்பதும் உண்டு. ஆனால் அச்சொல் காலரா, பெரியம்மை உள்ளிட்ட எந்தப் பெருந்தொற்றுக்கும் பொதுவாக வழங்குவதால் இக்கட்டுரையில் பிளேக் என்ற சொல்லே ஆளப்படுகிறது.

பாக்டீரியாவும் தெள்ளுப்பூச்சியும்

பிளேக் பாக்டீரியா, குடல் நோய் ஒன்றை உண்டாக்கும் யெர்சினியா சூடோடியூபர்குளோசிஸ் என்னும் மற்றொரு பாக்டீரியாவிலிருந்து சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்து வந்ததாகும். மூதாதைப் பாக்டீரியா உணவு, நீர் ஆகியவற்றின் வழியே பரவுவது. அதன் வழித்தோன்றலோ பூச்சியின் வழியே இரத்தத்திற்குள் புகும் திறனைப் பெற்றது. இம்மாற்றத்திற்குச் சில மரபணுக்களே போதுமானவையாக இருந்தன. அவற்றுள் ஒன்று தெள்ளுப்பூச்சியின் குடலுக்குள் பாக்டீரியா செரிக்கப்படாமல் உயிர் பிழைக்க உதவுகிறது. வேறு சில, பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பசை போன்ற உயிர்ப்படலமாக வளர உதவுகின்றன. ரஷ்யாவின் சமாரா பகுதியில் கிடைத்த ஏறத்தாழ 3800 ஆண்டுகள் பழமையான மனித எச்சங்களில், தெள்ளுப்பூச்சிவழிப் பரவலுக்கு வேண்டிய மரபணுக்களைக் கொண்ட பிளேக் பாக்டீரியாவின் டி.என்.ஏ. கண்டறியப்பட்டுள்ளது.

தெள்ளுப்பூச்சியின் இரைப்பைக்கு முன்பாக முட்கள் நிறைந்த ஒரு சிறிய வால்வு உள்ளது. நோயுற்ற விலங்கின் இரத்தத்தைக் குடித்த பூச்சியில் பாக்டீரியாவின் உயிர்ப்படலம் இந்த வால்வில் படர்ந்து நாளடைவில் வழியை அடைத்துவிடும். அடைபட்ட பூச்சி எவ்வளவு குடித்தாலும் இரத்தம் வயிற்றைச் சென்றடைவதில்லை. பசி தாளாமல் அது மீண்டும் மீண்டும் கடிக்கிறது. உள்ளே செல்ல இயலாத இரத்தம் பாக்டீரியாவையும் அடித்துக்கொண்டு கடிவாய்க்குள்ளேயே திரும்பக் கொட்டுகிறது. இலண்டனில் பணியாற்றிய பேக்கட், மார்ட்டின் ஆகிய இருவரும் 1914இல் இதனை விளக்கினர். அடைபட்ட பூச்சி சில நாட்களில் பட்டினியால் இறந்துவிடும். சுற்றுப்புற வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை செல்சியசுக்கு மேல் சென்றால் இந்த அடைப்பு சரிவர உருவாவதில்லை. கடும் கோடையில் பிளேக் தணிவதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

எல்லாத் தெள்ளுப்பூச்சிகளும் இவ்வாறு அடைபடுவதில்லை. அமெரிக்கத் தரை அணில்களின் மேல் வாழும் ஓரோப்சில்லா மொன்டானா என்னும் இனம் அரிதாகவே அடைபடுகிறது. ஆயினும் நோயுற்ற இரத்தத்தைக் குடித்த ஓரிரு நாட்களிலேயே, அடைப்பு எதுவும் இன்றி, அது நோயைப் பரப்ப வல்லது என 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. காட்டில் நோய் ஏன் அவ்வளவு விரைவாகப் பாய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இது பெரிதும் உதவியது.

காட்டுத் தொடர்பு கண்டறியப்பட்ட வரலாறு

அலெக்சாந்தர் யெர்சின் 1894இல் ஹாங்காங்கில் பிளேக் பாக்டீரியாவைக் கண்டறிந்தார். 1898இல் கராச்சியில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன், நோயுற்ற எலியிலிருந்து நல்ல எலிக்குத் தெள்ளுப்பூச்சி வழியே நோய் தாவுவதைச் சோதனையால் காட்டினார். அவர் கூற்றைப் பலர் முதலில் ஏற்கவில்லை. பின்னர் இந்தியாவில் அமைக்கப்பட்ட பிளேக் ஆய்வுக் குழு அதனை உறுதி செய்தது. இவை யாவும் வீட்டெலியைப் பற்றியவை. நோய் அதற்கு அப்பால் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை அடுத்த சில ஆண்டுகளில் இரு வேறு இடங்களிலிருந்து கிடைத்தது.

முதலாவது இடம் மஞ்சூரியா. அங்கும் அதை ஒட்டிய மங்கோலியப் புல்வெளிகளிலும் தர்பகன் எனப்படும் மர்மோட் வாழ்கிறது. இது வளை தோண்டி வாழும், அணில் குடும்பத்தைச் சேர்ந்த பருமனான கொறிணியாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் தோலுக்கு உலகச் சந்தையில் திடீரென விலை ஏறியது. சோர்ந்து தள்ளாடும் மர்மோட்டைத் தொடக்கூடாது என்பதைப் புல்வெளி மக்கள் வழிவழியாக அறிந்திருந்தனர். விலையை நம்பித் தெற்கிலிருந்து வந்த புதிய வேட்டைக்காரர்களுக்கு அந்த அறிவு இல்லை. எளிதாகப் பிடிபடும் நோயுற்ற விலங்கு அவர்களுக்கு நல்வாய்ப்பாகவே தோன்றியது. 1910-11 குளிர்காலத்தில் அவர்களிடையே தோன்றிய நுரையீரல் பிளேக் நெரிசலான விடுதிகள் வழியாகவும் தொடர்வண்டி வழியாகவும் பரவி ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்றது. பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்-தே இதனைக் கட்டுப்படுத்தும் பணிக்குத் தலைமை தாங்கினார். 1911இல் ரஷ்ய அறிவியலாளர் சபலோத்னியின் குழு நோயுற்ற தர்பகன் ஒன்றிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தது.

இரண்டாவது இடம் கலிபோர்னியா. 1900இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிளேக் தோன்றியது. நகரின் எலிகளை ஒழிப்பதில் அதிகாரிகள் முனைந்திருந்தபோதே நோய் விரிகுடாவிற்கு அப்பால் இருந்த தரை அணில்களிடம் தாவிவிட்டது. 1908இல் காட்டுத் தரை அணில்களில் பாக்டீரியா இருப்பது உறுதிப்படுத்தப்பட்டது. மஞ்சூரியாவில் கண்டது பழைய இருப்பிடம். கலிபோர்னியாவில் கண்டதோ புதிதாக ஓர் இருப்பிடம் உருவாவதை. இவ்வேறுபாடு முக்கியமானது.

இயற்கைக் குவியங்கள்

ஒரு நோய் குறிப்பிட்ட நிலம், தட்பவெப்பம், விலங்கு, பூச்சி ஆகியவற்றின் கூட்டில் மனிதத் துணையின்றி நிலைத்திருக்கும் இடம் இயற்கைக் குவியம் எனப்படும். சோவியத் அறிவியலாளர் யெவ்கேனி பாவ்லோவ்ஸ்கி 1930களின் இறுதியில் இக்கருத்தை வகுத்தார். இதன் அடிப்படையில் சோவியத் ஒன்றியம் நடு ஆசியா முழுவதும் பிளேக் எதிர்ப்பு நிலையங்களை அமைத்துக் கொறிணிகளை ஆண்டுதோறும் பிடித்துச் சோதித்தது. கசகசுத்தானின் பால்காசு ஏரிப் பகுதியில் 1949 முதல் திரட்டப்பட்ட பதிவுகள் இத்துறையின் மிகப் பெரிய செல்வங்களுள் ஒன்றாகும்.

அங்கு நோயைத் தாங்குவது பெரும் ஜெர்பில் என்னும் பாலைநில எலி. அதன் வளைத்தொகுதிகள் செயற்கைக்கோள் படங்களில் புள்ளி புள்ளியாகத் தெரியும் அளவிற்குப் பெரியவை. ஜெர்பில்கள் குடியிருக்கும் வளைகளின் விகிதம் ஒரு வரம்பைக் கடந்தால்தான் பிளேக் பரவலாகத் தோன்றுகிறது என்றும், வரம்பிற்குக் கீழ் இறங்கினால் தணிகிறது என்றும் 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. எண்ணிக்கை பெருகியதற்கும் நோய் தலைகாட்டுவதற்கும் இடையில் கால இடைவெளி இருப்பதால் முன்கூட்டியே எச்சரிக்க இயலும். வசந்தகால வெப்பநிலை 1 பாகை உயர்ந்தால் ஜெர்பில்களில் நோயின் அளவு 50 விழுக்காட்டிற்கு மேல் கூடக்கூடும் என 2006இல் கணிக்கப்பட்டது.

நோய் ஓர் இடத்தில் நிலைக்க எளிதில் இறக்கும் விலங்குகள் மட்டும் இருந்தால் போதாது. அவை யாவும் மடிந்தவுடன் நோயும் முடிந்துவிடும். ஈரானின் குர்திசுத்தான் பகுதியில் 1950களில் ஆய்வு செய்த மார்செல் பல்தசார், அங்குள்ள ஜெர்பில் இனங்களில் சில நோயை நன்கு தாங்குவதையும் வேறு சில எளிதில் மடிவதையும் கண்டார். தாங்கும் இனங்கள் நோயைக் காத்து வைக்க, மடியும் இனங்கள் அதனைப் பெருக்கிப் பரப்புகின்றன என்பது அவர் விளக்கம். பின்வந்த பல ஆய்வுகளுக்கு இது அடிப்படையாயிற்று.

ஐரோப்பாவின் கருஞ்சாவும் இத்தகைய ஒரு குவியத்திலிருந்தே புறப்பட்டதாகக் கருதப்படுகிறது. கிர்கிசுத்தானின் இசிக்குல் ஏரிக்கருகே 1338-39இல் இறந்தவர்களின் கல்லறைகளிலிருந்து பெறப்பட்ட பாக்டீரியா டி.என்.ஏ. குறித்த ஆய்வு 2022இல் வெளியானது. அதற்கு நெருங்கிய உறவுடைய வகைகள் தியான்சான் மலைகளின் மர்மோட்டுகளிடையே இன்றும் வாழ்கின்றன.

வட அமெரிக்கப் புல்வெளிகள்

கலிபோர்னியத் தரை அணில்களிடம் நிலைகொண்ட நோய் பல்வேறு கொறிணிகள் வழியே மெல்ல மெல்லக் கிழக்கு நோக்கி நகர்ந்து, நாற்பது ஆண்டுகளுக்குள் பெரும் புல்வெளிகளின் மேற்கு விளிம்பை அடைந்தது. அங்கு அது பிரெய்ரி நாயைச் சந்தித்தது. பெயரில் நாய் இருந்தாலும் இது அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொறிணியே. ஆபத்தைக் கண்டால் குரைப்பது போல் ஒலியெழுப்புவதால் இப்பெயர் பெற்றது. பல நூறு, சில இடங்களில் பல்லாயிரம் விலங்குகள் அடுத்தடுத்த வளைகளில் குடும்பம் குடும்பமாக வாழ்கின்றன. ஒன்றையொன்று முகர்ந்தும் மயிர் கோதியும் உறவாடும் இவ்விலங்குகளுக்கு இந்நோயுடன் முன்பழக்கம் எதுவும் இல்லை.

நோய் நுழைந்த குடியிருப்பில் பெரும்பாலும் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட விலங்குகள் சில வாரங்களில் மடிகின்றன. அவை வளைக்குள்ளேயே இறப்பதால் வெளியே பிணங்கள் அதிகம் தென்படுவதில்லை. முந்தைய வாரம் குரைப்பொலி நிறைந்திருந்த வெளி அமைதியாகிவிடுவதே பெரும்பாலும் முதல் அடையாளம். உடல் குளிர்ந்தவுடன் தெள்ளுப்பூச்சிகள் இறந்த விலங்கை விட்டு நீங்கி வளையின் வாயிலுக்கு வந்து, அடுத்த உயிருக்காகக் காத்திருக்கின்றன. ஆய்வாளர்கள் வெள்ளைக் கம்பளித் துணியொன்றை நீண்ட கம்பியின் நுனியில் கட்டி வளைக்குள் விட்டு எடுப்பர். துணியில் ஒட்டி வரும் பூச்சிகள் எண்ணப்பட்டுச் சோதிக்கப்படும். காலியான குடியிருப்பில் அயலிலிருந்து வரும் விலங்குகள் மீண்டும் குடியேறச் சில ஆண்டுகள் ஆகும். எண்ணிக்கை பழைய நிலையை எட்டும் வேளையில் நோய் திரும்பவும் வருவதுண்டு.

பிரெய்ரி நாய்க் குடும்பங்கள் தத்தம் எல்லைக்குள் அடங்கி வாழ்பவை. அப்படியிருக்க நோய் குடும்பம் விட்டுக் குடும்பம் தாவுவது எவ்வாறு? கொலராடோவில் நடந்த ஆய்வுகள் வெட்டுக்கிளிச் சுண்டெலி என்னும் சிறு விலங்கைச் சுட்டின. பூச்சிகளை வேட்டையாடி உண்ணும் இது எவருடைய எல்லையையும் மதிக்காமல் வளைக்கு வளை நுழைந்து திரிகிறது. போகுமிடமெல்லாம் பிரெய்ரி நாயின் தெள்ளுப்பூச்சிகளைச் சுமந்து செல்கிறது. இதன் எண்ணிக்கை மிகும் ஆண்டுகளில் தனித்தனிக் குடும்பங்கள் ஒரே வலையாக இணைக்கப்பட்டுவிடுகின்றன.

நோயின் தாக்கம் பெருஞ்சாவுகளோடு நிற்பதில்லை. எந்தச் சாவும் கண்ணில் படாத, நலமாக இருப்பதாகக் கருதப்பட்ட சில குடியிருப்புகளில் தெள்ளுப்பூச்சிகளைப் பூச்சிக்கொல்லியால் ஒழித்துப் பார்த்தனர். அங்கு பிரெய்ரி நாய்களின் பிழைப்பு விகிதம் உயர்ந்தது என 2010இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. வெளியே தெரியாமல் சிறிது சிறிதாகவும் பிளேக் கொன்றுகொண்டிருந்தது என்பதே இதன் பொருள்.

கருங்கால் ஃபெரெட்

கருங்கால் ஃபெரெட் மரநாய்க் குடும்பத்தைச் சேர்ந்த, வட அமெரிக்காவிற்கே உரிய ஒல்லியான ஊனுண்ணி. உணவுக்கும் உறைவிடத்திற்கும் ஏறத்தாழ முழுமையாகப் பிரெய்ரி நாயையே நம்பியிருப்பது. அற்றுப்போனதாகக் கருதப்பட்ட இவ்விலங்கு 1981இல் வயோமிங் மாநிலத்தின் மீட்டீட்சி என்ற ஊருக்கருகே பண்ணை நாய் ஒன்று கவ்வி வந்த உடலால் மீண்டும் வெளிப்பட்டது. 1985இல் அங்குள்ள பிரெய்ரி நாய்களிடம் பிளேக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஃபெரெட்டுகளின் எண்ணிக்கையும் சரிந்தது. நாய்களுக்கு வரும் டிஸ்டம்பர் நோய் அப்போது காரணமாகக் கண்டறியப்பட்டது. ஃபெரெட்டை நேரடியாகப் பிளேக் கொல்லாது என்றே அந்நாளில் நம்பப்பட்டது; அது தவறு எனப் பின்னர் தெரியவந்தது. 1987க்குள் எஞ்சியவை யாவும் பிடிக்கப்பட்டன. அவை 18 மட்டுமே. அவற்றின் வழித்தோன்றல்கள் 1991 முதல் மீண்டும் புல்வெளிகளில் விடப்பட்டு வருகின்றன. அத்தகைய இடங்களுள் சிறந்ததாகக் கருதப்பட்ட தெற்கு டகோட்டாவின் கொனாட்டா பள்ளத்தாக்கிற்கும் 2008இல் பிளேக் வந்து சேர்ந்தது.

ஃபெரெட்டுகளுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. பிரெய்ரி நாய்களைத் தனித்தனியே பிடித்து ஊசி போடுவது இயலாததால், வேர்க்கடலை வெண்ணெய் மணம் சேர்த்த தடுப்புமருந்து உண்டைகள் உருவாக்கப்பட்டு 2013 முதல் 2015 வரை ஏழு மாநிலங்களில் சோதிக்கப்பட்டன. மருந்து வைத்த இடங்களில் பிழைத்தவை கூடுதல். எனினும் பாதுகாப்பு முழுமையாக இல்லை. வளைகளில் டெல்டாமெத்ரின் தூள் தூவுவது மற்றொரு முறை. ஆண்டாண்டாய்த் தூவிய இடங்களில் தெள்ளுப்பூச்சிகள் அதனை எதிர்த்துப் பிழைக்கும் திறன் பெற்றுள்ளதும் கண்டறியப்பட்டுள்ளது.

இடைக்காலத்தில் மறைந்திருத்தல்

ஓரிடத்தில் தணிந்த பிளேக் பல ஆண்டுகளுக்குப் பின் அதே இடத்தில் மீண்டும் தோன்றுவது இத்துறையின் பழைய புதிராகும். நோய் உண்மையில் மறையவே இல்லை, மிகக் குறைந்த அளவில் சுற்றிக்கொண்டே இருந்தது என்பது ஒரு விளக்கம். குளிர்ந்த ஆழ்வளைகளில் தெள்ளுப்பூச்சிகள் பாக்டீரியாவுடன் மாதக்கணக்கில் உயிர் வாழ்கின்றன என்பது இரண்டாவது. வளையின் மண்ணே பாக்டீரியாவைக் காத்து வைக்கிறது என்பது மூன்றாவது. மண்ணில் வாழும் அமீபாக்களுக்குள் பாக்டீரியா செரிக்கப்படாமல் பிழைப்பதும் ஆய்வகங்களில் காணப்பட்டுள்ளது. இவற்றுள் ஒன்றே எல்லா இடங்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை.

மண் பற்றிய விளக்கத்திற்கு வலுச்சேர்த்த சான்று ஒரு துயர நிகழ்விலிருந்து கிடைத்தது. 2007இல் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில் பணியாற்றிய வனவிலங்கு ஆய்வாளர் ஒருவர், இறந்து கிடந்த மலைச்சிங்கத்தின் உடலை அறுத்துச் சோதித்தபின் நுரையீரல் பிளேக்கால் உயிரிழந்தார். அவ்விலங்கு கிடந்த இடத்து மண்ணைச் சோதித்தபோது, இயற்கைச் சூழலில் குறைந்தது 24 நாட்கள் பாக்டீரியா உயிருடன் இருந்தது தெரியவந்தது.

மனிதரை வந்தடையும் வழிகள்

நோயுற்ற தெள்ளுப்பூச்சியின் கடியே முதன்மையான வழி. கொறிணிகள் கூட்டமாக மடியும் காலத்தில் பட்டினி கிடக்கும் பூச்சிகள் தமக்குப் பழக்கமில்லாத உயிர்களையும் கடிக்கும். நோயுற்ற விலங்கின் தோலை உரிக்கையில் கையிலுள்ள கீறல் வழியே தொற்றுவது இரண்டாவது வழி. மங்கோலியாவில் மர்மோட் வேட்டையாடுவோரிடையே இது இன்றும் நிகழ்கிறது. அமெரிக்காவில் வளர்ப்புப் பூனைகள் ஒரு பாலமாக அமைகின்றன. கொறிணியைத் தின்று நோயுற்ற பூனை இருமும்போது, அதைப் பராமரிப்பவருக்கு நேரடியாக நுரையீரல் பிளேக் வரக்கூடும். நாய்களும் கொயோட்டி எனப்படும் அமெரிக்கக் குள்ளநரிகளும் பெரும்பாலும் நோயுறாமல் தப்பிவிடுகின்றன. ஆனால் அவற்றின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தங்கிவிடுகிறது. பல கொறிணிகளைத் தின்னும் ஒரு கொயோட்டியின் இரத்தத்துளி, அப்பகுதியின் நூற்றுக்கணக்கான வளைகளைப் பற்றிய தகவலைத் தருவதால் கண்காணிப்பில் இவை பெரிதும் பயன்படுகின்றன.

அமெரிக்காவில் ஆண்டிற்குச் சராசரியாக 7 பேருக்கு இந்நோய் வருகிறது. பெரும்பாலோர் மேற்கு மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். மருத்துவம் செய்யாவிடில் நெறிகட்டும் வகைப் பிளேக்கில் 30 முதல் 60 விழுக்காட்டினர் இறப்பர். நுரையீரல் வகையில் ஏறக்குறைய அனைவருமே இறப்பர். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளை உரிய காலத்தில் கொடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். எண்ணிக்கை குறைவாக இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. தம் பணிக்காலத்தில் ஒருமுறை கூடப் பிளேக்கைப் பார்த்திராத மருத்துவர் அதைக் காய்ச்சலாகவோ நிமோனியாவாகவோ எண்ணிவிடுவது எளிது.

இந்தியாவில்

1896இல் பம்பாயில் தொடங்கிய பிளேக் அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. வீட்டெலிகளால் பரவிய அந்நோய் வயல்வெளியில் வாழும் கொறிணிகளிடமும் நிலைகொண்டது. இந்திய ஜெர்பில் எனப்படும் வயல்வெளி எலி இங்கு நோயைத் தாங்கும் முதன்மை விலங்காகக் கருதப்படுகிறது. வயலில் ஜெர்பிலும் வீட்டில் கருப்பு எலியும் வாழ, இரண்டும் சந்திக்கும் ஊர் எல்லையில் பூச்சிகள் இடம் மாறுகின்றன.

தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம் ஆகிய மூன்றும் கூடும் பகுதி நாட்டின் அறியப்பட்ட குவியங்களுள் ஒன்று. 1966இல் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் பதிவான நோயாளிக்குப் பின் மூன்று பத்தாண்டுகள் வரை மனிதப் பிளேக் நாட்டில் காணப்படவில்லை. 1994இல் மகாராட்டிரத்தின் பீடு மாவட்டத்திலும் குசராத்தின் சூரத்திலும் அது மீண்டும் தோன்றியது. 2002இல் இமாச்சலப் பிரதேசத்தின் சிம்லா மாவட்டத்தில் 16 பேர் நுரையீரல் பிளேக்கால் தாக்குண்டனர். 4 பேர் இறந்தனர். முதலில் நோயுற்றவர் காட்டில் வேட்டையாடிவிட்டுத் திரும்பியவர். 2004இல் உத்தராகண்டத்தின் உத்தரகாசி மாவட்டச் சிற்றூர் ஒன்றில் 8 பேர் நோயுற்று 3 பேர் இறந்தனர்.

மூன்று மாநில எல்லைப் பகுதியில் கொறிணிகளும் அவற்றின் தெள்ளுப்பூச்சிகளும் பிடிக்கப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன. நாய்களின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உள்ளதா என்றும் பார்க்கப்படுகிறது. தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பெங்களூர்ப் பிரிவு இப்பணியில் ஈடுபட்டுள்ளது. தமிழக அரசின் பூச்சிவழி, விலங்குவழி நோய்களுக்கான நிறுவனம் ஓசூரில் அமைந்துள்ளது. ஓர் ஊரில் எலிகள் காரணமின்றிச் செத்து விழுந்தால் அதனை உடனே சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இறந்த எலியை வெறுங்கையால் தொடுதல் ஆகாது. எலிகளைக் கொல்லும் முன் தெள்ளுப்பூச்சிகளைக் கொல்வதே முறை. வரிசை மாறினால் இருக்க இடமிழந்த பூச்சிகள் மனிதரை நாடும்.